அவர் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன அர்த்தம்?

கேள்வி: எனக்கு 36 வயது. திருமணமாகி ஒன்பது வருடங்கள் ஆகின்றன. சில மாதங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் உடல்மொழி பற்றி ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். ‘நாம் சொல்ல வருவதில் 93 சதவீதத்தை உடலும் குரலும்தான் சொல்கின்றன, வார்த்தைக்கு வெறும் 7 சதவீதம்தான்’ என்றார் பயிற்சியாளர். கை கட்டினால் மனதை மூடிக்கொள்கிறார், மூக்கைத் தொட்டால் பொய் சொல்கிறார், கண்ணைப் பார்க்காவிட்டால் எதையோ மறைக்கிறார் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் நானாகவும் நிறைய வீடியோக்கள் பார்த்தேன்.

என் கணவர் அதிகம் பேசாதவர். கொஞ்ச நாளாக, வேலை முடிந்து வந்ததும் சோபாவின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறார். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்குகிறார். ‘உங்க வாய் ஒன்னுமில்லைன்னு சொல்லுது, உடம்பு வேற சொல்லுது’ என்று பலமுறை சொல்லிக்காட்டினேன். போன வாரம் வெடித்துவிட்டார். ‘நான் எப்படி உட்கார்ந்தாலும் தப்பா? வீட்டுக்கு வந்தா விசாரணைக்கு வந்த மாதிரி இருக்கு’ என்றார். அன்றிலிருந்து பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. முக்கியமான விஷயங்களைக்கூட வாட்ஸ்அப்பில்தான் பேசிக்கொள்கிறோம். ஒருவர் வாயால் சொல்வதை நம்புவதா, உடல் காட்டுவதை நம்புவதா? அவரை இன்னும் சரியாகப் படிக்க நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவரைப் படிப்பதற்காக நீங்கள் இனி எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். தேவையான அளவுக்கு ஏற்கெனவே நன்றாகக் கவனிக்கிறீர்கள். ‘ஒன்றுமில்லை’க்கு முன்னால் வந்த அந்த ஒரு கணத் தயக்கம் உங்கள் காதில் விழுந்திருக்கிறதே, அதை எந்தப் பயிற்சி வகுப்பும் கற்றுத்தர வேண்டியதில்லை. நெதர்லாந்தில் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மொழியுளவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பத்து மொழிகளின் அன்றாட உரையாடல்களை அளந்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் போகிறது. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக்குறைய இருக்குமே தவிர, பெரிய வித்தியாசம் இல்லை. இத்தனை நெருக்கமாகப் பேசிப் பழகிய நமக்கு அரை நொடித் தாமதம்கூட உறுத்தும். அதனால் அவர் தயங்கினார் என்று நீங்கள் சொன்னால் நான் அப்படியே நம்புகிறேன்.

ஆனால் அந்தத் தயக்கத்துக்குள் என்ன இருந்தது? களைப்பு இருந்திருக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். உங்கள் மேல் பாரத்தை ஏற்ற வேண்டாம் என்று அந்த ஒரு கணத்தில் முடிவெடுத்திருக்கலாம். அல்லது அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்க, உங்கள் கேள்வி அவரை அங்கிருந்து இழுத்து வந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இந்த நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஏதோ இருக்கிறது என்பது வரைக்கும் உடல் காட்டிக்கொடுக்கும். என்ன இருக்கிறது என்பதை அவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. நீங்கள் உடலிடம் முதல் பாதியை வாங்கிக்கொண்டு, இரண்டாவது பாதியை நீங்களே எழுதிவிடுகிறீர்கள். எழுதியதை அவரிடமே வாசித்தும் காட்டுகிறீர்கள். அவருக்குக் கோபம் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அந்த 93 சதவீதக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் இது சொல்லப்படுகிறது. சொல்பவர்களும் நம்பித்தான் சொல்கிறார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-இல் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்த எண் இது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கேட்டது உரையாடலை அல்ல, ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஒற்றைச் சொற்களை. ஒரே சொல் பிரியமாகவும், பட்டும்படாமலும், வெறுப்பாகவும் சொல்லப்பட்டது. ஓர் ஆய்வில் முகங்களின் புகைப்படங்களும் சேர்த்துக் காட்டப்பட்டன. ‘சொன்னவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா, இல்லையா?’ என்பதுதான் கேள்வி. வார்த்தையும் தொனியும் முகமும் ஒன்றோடொன்று முரண்படும்போது, பிடித்தம் வெறுப்பு பற்றிய முடிவுக்கு ஆட்கள் எதை எவ்வளவு நம்புகிறார்கள் என்று பார்த்தார்கள். இரண்டு ஆய்வுகளின் விடைகளையும் சேர்த்ததில் வார்த்தைக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று வந்தது. உணர்ச்சிகளையும் மனப்போக்கையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும், எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார்.

உங்கள் கடிதத்தையே பாருங்கள். அதில் முகம் இல்லை, குரல் இல்லை. ஒன்பது வருட வாழ்க்கையும், போன வாரச் சண்டையும், அதற்குப் பின் வந்த கலக்கமும் வார்த்தைகளால் மட்டுமே என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த வார்த்தைகளுக்கு நீங்கள் இன்னும் மதிப்புக் கொடுக்கலாம்.

சரி, கை கட்டுவது, மூக்கைத் தொடுவது எல்லாம்? குளிரெடுத்தால் கை கட்டுவார்கள், தோள் வலித்தால் கட்டுவார்கள், கையை எங்கே வைப்பதென்று தெரியாவிட்டாலும் கட்டுவார்கள். சிலருக்கு அப்படி உட்கார்வதுதான் சௌகரியம். மூக்கு அரித்தால் சொறியத்தான் வேண்டும். ஒரு சைகைக்கு ஒரு பொருள் என்று அகராதி போடும் அளவுக்கு உடல் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்களின் திறமை எவ்வளவு என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு பெரிய மதிப்பீடு வெளிவந்தது. மொத்தம் சுமார் 24,000 பேரின் கணிப்புகள் அதில் இருந்தன. சராசரியாக அவர்கள் சரியாகச் சொன்னது 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 வந்துவிடும்.

முகமும் அப்படித்தான். ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்று சொல்லியே வளர்ந்துவிட்டோம். உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு ஆய்வாளர்களும் முகபாவம் பற்றிய ஏராளமான ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டு 2019-இல் எழுதினார்கள். கோபமாக இருப்பவர் முகம் சுளிக்காமல் இருப்பது சர்வசாதாரணம். கோபமே இல்லாமல், எதையாவது உன்னிப்பாக யோசிக்கும்போது முகம் சுளிப்பதும் அதே அளவுக்குச் சாதாரணம். முகத்தை மட்டும் வைத்து ஒருவரின் மனதில் இருப்பது இன்னதுதான் என்று அறுதியிட்டுச் சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது அவர்களின் முடிவு.

கண்ணைப் பார்க்காமல் பேசுவது பற்றி ஒன்று சொல்கிறேன். ஆலோசனைக்கு வந்திருந்த ஒரு தம்பதியில், மனைவி பேசத் தொடங்கியதும் கணவர் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ‘பாருங்க, இவர் இப்படித்தான். நான் பேசினா காதுலயே வாங்க மாட்டார்’ என்றார் அந்தப் பெண். அவர் சொல்லி முடித்த பிறகு, ‘இப்போது உங்கள் மனைவி என்னென்ன சொன்னார்?’ என்று கணவரிடம் கேட்டேன். ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். மனைவி எடுத்துக்காட்டிய தேதியைக்கூட விடவில்லை. பிறகு மெதுவாக, ‘அவ முகத்தைப் பார்த்தா எனக்குப் படபடன்னு வந்துடுது. கீழே பார்த்தாத்தான் அவ சொல்றது மண்டையில ஏறுது’ என்றார். அந்தப் பெண் வெகுநேரம் பேசவில்லை. மனம் ஒரு கடினமான வேலையில் இருக்கும்போது பார்வையை விலக்கிக்கொள்வது மனித இயல்புதான். எதிரே இருப்பவரின் முகம் அவ்வளவு செய்திகளைக் கொட்டுகிறது. அதைக் கொஞ்சம் மூடிவைத்தால்தான் சிலரால் யோசிக்க முடியும். ஆட்டிசம் போன்ற இயல்பு உள்ள பலருக்கு நேருக்கு நேர் பார்ப்பதே பெரும் சிரமமாக இருக்கும். அதற்கும் ஒளிவுமறைவுக்கும் சம்பந்தமே இல்லை.

‘ஒன்பது வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?’ என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றுவது நியாயம்தான். இருந்தாலும், கென்னத் சாவிட்ஸ்கி என்ற உளவியலாளர் தன் குழுவினருடன் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கேளுங்கள். கணவன் மனைவியரையும், அவர்களுக்கு முன்பின் தெரியாதவர்களையும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார வைத்தார்கள். இரண்டு மூன்று விதமாகப் பொருள்படக்கூடிய அன்றாட வாக்கியங்களைச் சொல்லவைத்து, என்ன நினைத்துச் சொன்னார் என்று மற்றவரைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அந்நியர்களைவிட வாழ்க்கைத்துணை ஒன்றும் நன்றாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் ‘என் துணைக்கு நிச்சயம் புரிந்திருக்கும்’ என்ற நம்பிக்கை மட்டும் மிக அதிகமாக இருந்தது. அந்நியரிடம் நாம் விளக்கிச் சொல்கிறோம், புரிந்ததா என்று கேட்கிறோம். நெருக்கமானவரிடம் அந்தச் சிரமத்தை எடுப்பதில்லை. உங்கள் கணவரும் இதைத்தான் செய்கிறார் என்று படுகிறது: ‘நான் களைத்துப்போய் வந்திருப்பது இவளுக்குத் தெரியாதா?’ என்று அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இனி என்ன செய்வது என்று பார்க்கலாம். பார்ப்பதை நிறுத்தாதீர்கள். பார்த்ததைத் தீர்ப்பாகச் சொல்லாமல், கேட்பதற்கான காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘உடம்பு வேற சொல்லுது’ என்ற வாக்கியத்துக்கு அவரால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது. ஆமாம் என்றால் இதுவரை பொய் சொன்னதாக ஆகிவிடும். இல்லை என்றால் இன்னும் பொய் சொல்வதாக ஆகிவிடும். அதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘ரெண்டு மூணு நாளா வந்ததும் பேசாம உட்கார்ந்துடறீங்க. களைப்பா, இல்ல வேற ஏதாவதா? எனக்குத் தெரியல.’ இதில் நீங்கள் பார்த்தது மட்டும் இருக்கிறது, அவர் மறுக்க முடியாதது. அப்புறம் ‘எனக்குத் தெரியல’ இருக்கிறது. அந்த ஒரு வார்த்தைதான் அவர் பேசுவதற்கு இடம் விடுகிறது. என்ன பதில் வந்தாலும் அன்றைக்கு அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். ‘களைப்புதான்’ என்றால் களைப்புதான். நம்பப்படுகிறோம் என்று தெரிந்த பிறகுதான் மனிதர்கள் அடுத்த வாக்கியத்தைச் சொல்வார்கள். அந்த அடுத்த வாக்கியம் மறுநாளோ அடுத்த வாரமோகூட வரலாம்.

எப்போது, எப்படி உட்கார்ந்து கேட்கிறோம் என்பதும் முக்கியம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்காதீர்கள். எதிரே நின்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இன்னும் நல்லது, சேர்ந்து நடக்கும்போதோ, ஏதாவது வேலையைச் சேர்ந்து செய்யும்போதோ கேட்பது. இருவரின் கண்ணும் வேறெங்கோ இருக்கும்போது, அதிகம் பேசாத ஆட்கள்கூடக் கொஞ்சம் தாராளமாகப் பேசுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சண்டைக்கு நடுவில் அவர் கல்லாகச் சமைந்துவிடுகிறாரா என்பதையும் யோசித்துப் பாருங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதியரின் பேச்சைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், சண்டையின்போது அவர்களின் நாடித்துடிப்பையும் சேர்த்தே அளந்தார். முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, பல நேரம் உள்ளே இதயம் நிமிடத்துக்கு 100-க்கு மேல் அடித்துக்கொண்டிருந்தது. பார்ப்பவருக்கு அது அலட்சியம்; உள்ளே நடப்பதோ திணறல். அந்த நிலையில் யாராலும் ஒழுங்காகக் கேட்கவோ பேசவோ முடியாது. குறைந்தது 20 நிமிடம் விலகியிருந்து, உடம்பு அடங்கிய பிறகு பேசச் சொல்கிறார் காட்மன். விலகிப் போகிறவர் ‘கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசலாம், நானே வரேன்’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் எழுந்து போனால், பின்னால் உட்கார்ந்திருப்பவர் அதற்கும் ஓர் அர்த்தம் எழுதிக்கொள்வார்.

உங்கள் பக்கத்தையும் நான் விட்டுவிட விரும்பவில்லை. பேச்சு வற்றிய முகத்தின் எதிரே தினமும் உட்கார்ந்திருப்பது வலிக்கும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் செய்த சோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயிடம் திடீரென்று சில நிமிடங்களுக்கு முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டிப் பார்க்கும், சத்தம் போட்டுப் பார்க்கும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வாடிப்போகும், அழும். சில மாதக் குழந்தைக்கே பதில் காட்டாத முகம் இத்தனை துன்பம் தருகிறது. பெரியவர்களான நமக்கு அந்தத் தேவை போய்விடுவதில்லை. நீங்கள் உடல்மொழி வீடியோக்களைத் தேடிப் போனதற்குக் காரணமும் இந்த வலிதான் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. அவரை மாட்டிவிடுவதற்காக நீங்கள் போகவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போனீர்கள். இதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அவர் உடல் சொல்வதை நீங்கள் எடுத்துச் சொன்ன இடம் இருக்கிறது. உங்கள் மனதில் இருப்பதை நீங்கள் சொன்ன இடம் எங்குமே இல்லை. ‘நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு தோணுது’ என்று நீங்கள் சொன்னால், அவர் முதல்முறையாகக் கேட்கிற செய்தியாக அது இருக்கலாம். கூடவே, ‘இத்தனை நாளா உங்களை அப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும், இனி அப்படி அர்த்தம் சொல்ல மாட்டேன்’ என்றும் சொல்லிவிடுங்கள். போன வாரம் அவர் சொன்ன ‘விசாரணை’ என்ற வார்த்தைக்கு இன்னும் உங்களிடமிருந்து பதில் போகவில்லை.

வாட்ஸ்அப் விஷயம். சாமான் பட்டியல், வரும் நேரம், கட்ட வேண்டிய பணம் போன்றவற்றுக்கு அது வசதி. அதில் ஒன்றும் தவறில்லை. மனத்தாங்கலை மட்டும் அதில் தீர்க்கப் பார்க்காதீர்கள். உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் வேறு சிலரும் சேர்ந்து மின்னஞ்சலை வைத்து ஒரு சோதனை செய்து 2005-இல் வெளியிட்டார்கள். சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றைக் குத்தலாகவும் எழுதி அனுப்ப வேண்டும். படிப்பவர் எது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். சுமார் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் 56 சதவீதம்தான் சரியாக இருந்தது. அதே வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். எழுதும்போது நம் மனதுக்குள் நம் குரல் ஒலிக்கிறது; படிப்பவருக்கு அவர் மனநிலைதான் ஒலிக்கிறது. ‘சரி’ என்று நீங்கள் சாதாரணமாக அனுப்பியது, அங்கே உர்ரென்று போய்ச் சேர்ந்திருக்கலாம். நேரில் முடியாவிட்டால் போன் பண்ணிப் பேசுங்கள். குரலில் இருக்கும் தணிவை எந்த எமோஜியும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

கடைசியாக ஒன்றைக் கேட்க வேண்டும். ‘கொஞ்ச நாளாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பழைய இயல்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவரைப் புரிந்துகொள்ள அவருக்கு அவரேதான் அளவுகோல். எப்போதுமே குறைவாகப் பேசுகிறவர் குறைவாகவே பேசுகிறார் என்றால் கவலை வேண்டாம். தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, பிடித்த விஷயங்களில்கூட நாட்டம் போய்விட்டதா, தன்னைப் பற்றியே தாழ்வாகப் பேசுகிறாரா என்று பாருங்கள். இவை பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு உண்டு, மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள். அழைக்கும்போது ‘உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சு’ என்று தொடங்க வேண்டாம். ‘நீங்க சரியாத் தூங்கறதில்லைன்னு கவனிச்சேன். ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வரலாம், நானும் கூட வரேன்’ என்று சொல்லுங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது முதலில் போய்ப் பேசுங்கள். அங்கிருந்து அவரை எப்படி அழைத்து வருவது என்று அவர்களே வழி சொல்வார்கள்.